மீதி அடுத்த இதழில்

இருபத்தாறு வயதில் எனக்கு மீசை இருந்தது, துறைமுகத்தில் வேலை இருந்தது, ராயபுரத்தில் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் குடித்தனம் இருந்தது, சிறுவர் கதை படிக்கிற பழக்கமும் இருந்தது. முதல் மூன்றும் ஊருக்குத் தெரியும். நான்காவதை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி மறைத்து வைத்திருந்தேன்.

பழக்கம் வந்தது வேர்க்கடலையால். துறைமுக வாசலில் ஒரு பெண்பிள்ளை கடலை வறுத்துப் பொட்டலம் கட்டி விற்பாள். ஒருநாள் கடலை தீர்ந்த பிறகு தாளைப் பிரித்தேன். பெரிய பெரிய எழுத்து. அரண்மனை மணியின் நாக்கை ஓர் அணில் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது. மணி அடிக்காததால் ராஜாவுக்குப் பொழுது விடிந்ததே தெரியவில்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறார். அதோடு தாள் முடிந்துவிட்டது. நான் திரும்பிப் போய், "இதோட அடுத்த பக்கம் எங்கம்மா?" என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அத்துல இப்பதான் பட்டாணி மடிச்சி ஒரு ஆளுக்குக் குடுத்தேன். ஓடிப் போயி புடி" என்றாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஓடினேன். பட்டாணிக்காரனைப் பிடிக்க முடியவில்லை. அந்த ராஜா எப்போது எழுந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வாரமே ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில் ஒரு சிறுவர் பத்திரிகை வாங்கினேன். "கொழந்தைக்கா?" என்றார் கடைக்காரர். "அக்கா பையனுக்கு" என்றேன். எனக்கு அக்காவே கிடையாது. அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த இல்லாத பையனின் படிப்பு எப்படி என்று அவர் விசாரிப்பார். நானும் நன்றாகப் படிக்கிறான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

பெரியவர்களுக்கு எழுதுகிற கதைகளையும் படித்துப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பெருமூச்சு விட்டவள் நூறாவது பக்கத்திலும் விட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை கிடையாது. சிறுவர் கதையில் அந்த வம்பே இல்லை. ஆடு தொலைந்தால் தொலைந்தது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவார்கள். நான்காவது பக்கத்தில் ஆடு கிடைத்துவிடும். டீ ஆறுவதற்குள் ஓர் ஊர் பிறந்து, அதில் ஒரு சங்கடம் வந்து, சங்கடம் தீர்ந்து, எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். கப்பல் வருகிற நேரம்தான் எனக்கு வேலை நேரம். அதனால் தொடர்கதை பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். ஒரே மூச்சில் முடிகிற கதைதான் வேண்டும். இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருந்தேன். கடைசிப் பக்கத்தை முன்னாலேயே புரட்டிப் பார்க்கக் கூடாது.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கப்பலின் அடிக்கிடங்கிலிருந்து சரக்கைத் தூக்கும்போது, விஞ்ச் என்கிற தூக்கு யந்திரத்தை ஓட்டுகிறவனுக்குக் கீழே நடப்பது தெரியாது. கிடங்கு வாயின் ஓரத்தில் ஒருவன் நின்று, குனிந்து பார்த்து, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையால் காட்ட வேண்டும். அந்தக் கை என்னுடைய கை. உள்ளங்கையை மேலே காட்டி ஆட்டினால் 'ஹாபிஸ்', அதாவது தூக்கு. கவிழ்த்து ஆட்டினால் 'ஆரியா', அதாவது இறக்கு. முஷ்டியை மூடினால் எது எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்க வேண்டும். கை தெரியாத இருட்டு மூலைக்குக் குரல் போக வேண்டும், அதனால் என் தொண்டை விஞ்சுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. முதல் நாள் மேஸ்திரி எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பாக்காத்துக்குக் கை காட்டாதே." எனக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவன் ஒரே ஒரு தடவை உத்தேசமாகக் கை காட்டினான். கீழே இருந்த ஆள் பிழைத்துக்கொண்டான், அவன் கால் பிழைக்கவில்லை. அந்த ஆளை நான் தினமும் துறைமுக வாசலில் பார்ப்பேன்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் காத்திவாக்கம். அப்பன், அண்ணன் எல்லோரும் கட்டுமரத்தில் போகிறவர்கள். அவள் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடித்து வளர்ந்தவள். எழுத்து தெரியாது, ஆனால் தண்ணீருக்குள் கையை விட்டால் அது இறாலா கல்லா என்று அவள் விரலுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த முதல் நாளே காலிப் பானைகளை எல்லாம் கவிழ்த்து வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "எங்க ஊர்ல காத்து அடிச்சா காலிப் பானை 'ஊ'ன்னு ஊதும். கேக்க பேஜாரா கீது" என்றாள்.

வந்து பத்து நாள் ஆகியிருக்கும். நான் வேலை முடிந்து வந்தபோது வாசலில் அவள் அண்ணன் நின்றிருந்தார். கூட இரண்டு ஆட்கள். அவள் உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். என் தகரப் பெட்டி திறந்து கிடந்தது, தரையில் சிறுவர் பத்திரிகைகள் பரப்பி வைக்கப்பட்டிருந்தன.

"இன்னாயா, ஒனக்கு வேற ஒரு வூடு கீதாமே?" என்றார் மச்சான்.

"எந்த வூடு?"

"அப்ப இத்தெல்லாம் எந்தப் புள்ள படிக்கிது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பெல்லாம் கூசியது. வேறு குடும்பம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதா, மீசை வைத்த ஆம்பிளை அணில் கதை படிக்கிறேன் என்று ஒப்புக்கொள்வதா? சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் யோசித்தேன். பிறகு, "நான்தான் படிக்கிறேன்" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. "படிச்சிக் காட்டு" என்றார் மச்சான்.

படித்தேன். நரி ஒன்று ஒட்டகத்தின் கல்யாணத்துக்குச் சமையல் செய்கிற கதை. கோபத்தில் தொடங்கியவன் இரண்டாவது பத்தியில் கதைக்குள் போய்விட்டேன். என்னை அறியாமல் என் கை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. நரி மரத்தில் ஏறினால் ஹாபிஸ், விழுந்தால் ஆரியா. நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்க நிறுத்தினேன். "அப்பால நரி இன்னா ஆச்சி?" என்றார் மச்சான். உடனே என்னை அடிக்க வந்தது ஞாபகம் வந்து முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தவள் எப்போது இந்தப் பக்கம் திரும்பினாள் என்று நான் பார்க்கவில்லை. கதை முடிந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமை மாலையில் அடுப்பை அணைத்ததும் கதை. நான் முன்னாலேயே படித்து வைக்க மாட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் முடிவு தெரிய வேண்டும். அவள் சும்மா கேட்கிற ரகமும் இல்லை. "சுறா பேசும்னு எய்திக்கிறானா? எவன் அவன்? சுறாவுக்கு இன்னா தெரியும்? மடவ மீனுதான்யா வாயாடி" என்பாள். கதையில் வருகிற மீனவன் எப்போதும் மடையனாக இருப்பது அவளுக்கு ஆகாது. "எய்தினவன ஒரு நாள் எங்கண்ணன்கூட மரத்துல போகச் சொல்லு" என்பாள். ஆனால் எந்தக் கதையானாலும் முடிந்ததும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். இன்னாமே அப்படிப் பாக்கிற என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று எழுந்து போய்விடுவாள்.

எங்களுக்குக் குழந்தை நிற்கவில்லை. இரண்டு தடவை வயிற்றில் தங்கிக் கலைந்துபோய்விட்டது. இரண்டாவது தடவைக்குப் பிறகு தெருவில் ஒருத்தி ஏதோ குத்திப் பேச, இவள் பதில் சொன்னதை நான் உள்ளேயிருந்து கேட்டேன். "எங்க வூட்ல ஒரு புள்ள கீதுக்கா. அதுக்கு மீச கீது, அவ்ளோதான்." தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் உள்ளே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். நெடுநேரம் கழுவினாள்.

மூன்றாவது வருஷம் இருமல் வந்தது. மழைக்கால இருமல் என்று கஷாயம் கொடுத்தோம். மழை நின்றது, இருமல் நிற்கவில்லை. ஒரு நாள் முந்தானையில் ரத்தத்தைப் பார்த்தேன். அவள் அதற்கு முன்பே பத்துப் பதினைந்து நாளாகப் பார்த்துவிட்டு, என்னிடம் சொல்லாமல் துவைத்து வந்திருக்கிறாள். அன்று நான் அவளிடம் கத்தினேன். கிடங்குக்குள் கத்துகிற குரலில் கத்தினேன். என்ன பிரயோஜனம்.

காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திருவொற்றியூர் தாண்டிச் சவுக்குத் தோப்புக்குள் நீளமான கட்டடம். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் பார்க்கலாம். உள்ளே போகக் கூடாது. தாழ்வாரத்தில் நின்று ஜன்னல் கம்பி வழியாகத்தான் பார்க்க வேண்டும். உள்ளே போன பொருள் எதுவும் வெளியே வராது. அவள் கட்டில் ஜன்னலிலிருந்து மூன்றாவது. முதல் தடவை போனபோது என்ன பேசுவது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாப்பிட்டியா என்றேன். சாப்பிட்டேன் என்றாள். தூங்கினியா என்றேன். தூங்கினேன் என்றாள். எங்கள் பேச்சு அவ்வளவில் தீர்ந்துவிட்டது.

"கத கொண்டாந்துகீறியா?" என்றாள்.

சட்டைக்குள் பத்திரிகை இருந்தது. மெதுவாகப் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது கட்டிலுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகப் படித்தேன். விஞ்சுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டைக்கு 'கொஞ்சம் சத்தம்' என்று ஒன்று கிடையாது. வார்டு முழுக்கக் கேட்டுவிட்டது. நர்ஸ் ஓடி வந்து, "இது துறைமுகம் இல்லீங்க" என்றாள். வேலையை எப்படிக் கண்டுபிடித்தாளோ தெரியவில்லை. ஆனால் அதற்குள் இரண்டாவது கட்டிலில் இருந்த பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். திருவொற்றியூர் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள், எலும்பும் தோலுமாக இருந்தாள், வாய் மட்டும் குறையவில்லை. "உடும்மா, படிக்கட்டும். அந்தக் கொரங்கு கெணத்துல குந்திகினு கீது. அத்த வெளிய இஸ்துட்டு அப்பால நிறுத்தச் சொல்லு" என்றாள்.

குரங்கை வெளியே எடுத்தேன். அதன் பிறகு அந்த வார்டுக்கு நான் கதைக்காரன் ஆகிவிட்டேன். மீன் விற்றவர்கள், ஆலையில் வேலை செய்தவர்கள், நான்கு பிள்ளை பெற்றவர்கள், எல்லோரும் ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு எலியும் தவளையும் பேசுவதைக் கேட்டார்கள். பிள்ளைகள் கதைதானே என்று ஒருத்தியும் சொல்லவில்லை. ஒரு தடவை மாற்றாக இருக்கட்டும் என்று பெரியவர்கள் பத்திரிகை ஒன்றைக் கொண்டுபோனேன். அதில் ஒரு தொடர்கதை. அவள் கையை ஆட்டி நிறுத்தினாள். "அது வாணாம்யா. முடியிற கதையா படி" என்றாள். தொடர்கதையை அன்றோடு விட்டேன்.

நாளாக ஆக அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. ஊசியால் என்றார்கள், பலவீனத்தால் என்றார்கள். அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கை ஏறினால் புன்னகை. கை இறங்கினால் புருவத்தைச் சுருக்குவாள். முஷ்டியை மூடினால் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். மற்றவர்கள் காதால் கேட்டதை இவள் கண்ணால் கேட்டாள். விட்டுப்போனதைப் பக்கத்துக் கட்டில் தீப்பெட்டிக்காரி அவள் காதோரம் குனிந்து சொல்வாள்.

அப்புறம்தான் அந்தப் பானைக் கதை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. புது இதழில் ஒரு சின்னக் கதை, வழக்கம்போல் நானும் முன்னால் படிக்கவில்லை. ஒரு குயவர் ஒரு சிறுமியிடம் மூடி போட்ட பானை ஒன்றைக் கொடுத்து, "வீடு போய்ச் சேரும்வரை திறக்காதே" என்று சொல்லி அனுப்புகிறார். அவள் வயல் வழியே நடக்கிறாள். பானை முனகுகிறது. ஆலமரத்தடியில் நிற்கிறாள், முனகல் நின்றுவிடுகிறது. மறுபடி வெட்டவெளிக்கு வந்தால் மறுபடி முனகல். வழியில் பார்த்த காக்கை உள்ளே பூதம் என்கிறது. எருமை உள்ளே என் கன்று என்கிறது. சிறுமி பயந்துபோய் பானையைக் கீழே வைத்து, மூடியில் கையை வைக்கிறாள். நான் முஷ்டியை மூடினேன். பக்கத்தைத் திருப்பினேன். அங்கே கதை இல்லை. முந்தின பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'மீதி அடுத்த இதழில்' என்று போட்டிருந்தது.

மூடிய முஷ்டியோடு நின்றேன்.

"இன்னா ஆச்சி?" என்றாள் தீப்பெட்டிக்காரி.

"மீதி அடுத்த வாரமாம்" என்றேன். எனக்கே அழுகை வருகிற மாதிரி இருந்தது. பத்திரிகைக்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். வார்டே சிரித்தது. உள்ளே என்ன இருக்கும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பாம்பு என்றாள் ஒருத்தி. தேனீ என்றாள் இன்னொருத்தி. கோடிக் கட்டிலில் இருந்தவள், "கைப்புள்ள" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள். என் மனைவி, "எறாவா இருந்தா ஷோக்கா இருக்கும்" என்றாள்.

புதன்கிழமை போனபோது அவள் முகம் மாறியிருந்தது. உதடு வெளுத்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது. அன்று புதுக் கதை ஏதும் என்னிடம் இல்லை, பழையது ஒன்றை எடுத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கையால் கிட்டே வரச் சொன்னாள். நான் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"அந்தப் பானைக்குள்ள இன்னா இருந்துச்சி?"

"தெரியலமே. சனிக்கெழம புக்கு வந்துடும். ஞாயித்துக்கெழம படிக்கிறேன்."

"நீயே ஒண்ணு சொல்லேன்யா."

பக்கத்துக் கட்டில்காரி என்னைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். எதையாவது சொல்லியிருக்கலாம். இறால் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பிடித்ததை அவளே ஞாயிற்றுக்கிழமை எடுத்துக் கொடுத்திருந்தாளே! ஐந்து வயதுப் பிள்ளை அழுதால் எவனும் சொல்வான். நான் சொல்லவில்லை. என் வாயில் வந்தது என் தொழில்.

"பாக்காத்துக்கு நான் கை காட்ட மாட்டேன்மே. ஒனக்குத் தெரியாதா?"

பக்கத்துக் கட்டில்காரி காதோரம் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "சரி, படிச்சிட்டே வா" என்றாள்.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. துறைமுகத்தில் என் கையால் ஒரு ஆளுக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று எனக்குப் பாராட்டு உண்டு. அந்தப் புதன்கிழமையை நினைத்தால் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பகல், கிடங்கு வாயில் நின்றுகொண்டிருந்தேன். மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். கட்டுமரக்காரர் கப்பலுக்கு வந்தால் என்ன சேதி என்று எனக்குத் தெரியாதா? மேலே ஒரு சுமை தொங்கிக்கொண்டிருந்தது, கீழே நான்கு பேர் நின்றிருந்தார்கள். குனிந்து பார்த்து, ஆரியா காட்டி, சுமை தரையைத் தொட்டு, கொக்கி கழன்ற பிறகுதான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

பிள்ளை இல்லாததால் நான்தான் குடம் எடுத்தேன். தோளில் தண்ணீர்க் குடத்தோடு சுற்றி வர, ஒரு சுற்றுக்கு ஒரு துளையாகப் போட்டார்கள். மூன்றாவது சுற்றில், திரும்பிப் பார்க்காமல் பின்னால் போடச் சொன்னார்கள். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அந்தக் குடம் தோளில் இருந்தபோது நான் நினைத்தது அந்தச் சிறுமியின் பானையைத்தான். அதற்குள் என்ன இருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். குடம் உடைகிற சத்தம் கேட்டது.

சனிக்கிழமை இதழ் வந்தது. துக்க வீட்டுக்காரன் தெருவில் இறங்கக் கூடாது என்றார்கள், நான் போய் வாங்கினேன். கடைக்காரர், "பையன் எப்படிப் படிக்கிறான்?" என்றார். நன்றாகப் படிக்கிறான் என்றேன். வீட்டில் வைத்துப் பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்வை நேரம் வந்ததும் கால் தானாகக் கிளம்பிவிட்டது. பாதி வழியில்தான், அங்கே பார்க்க எனக்கு யாரும் இல்லை என்று உறைத்தது. அதற்காகத் திரும்பவும் முடியவில்லை.

மூன்றாவது கட்டிலில் வேறு ஒரு பெண் படுத்திருந்தாள். வயது பதினெட்டு இருக்கலாம். நான் தூணோரம் ஒதுங்கி நின்றேன்.

"இன்னா அண்ணாத்தே, அங்கியே நின்னுகினுகீற?" என்றாள் தீப்பெட்டிக்காரி. அவள் குரல் பாதியாகத் தேய்ந்திருந்தது. "வா. மீதியப் படி."

ஜன்னலுக்குப் போனேன். பிரித்தேன். முதல் நாள் ஆரம்பித்த மாதிரி மெதுவாகத்தான் படித்தேன், ஆனாலும் இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. அவ்வளவு அமைதியாக இருந்தார்கள். சிறுமி மூடியைத் திறக்காமல் கையை எடுத்துக்கொள்கிறாள். முனகுகிற பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறாள். அம்மா திறந்து பார்க்கிறாள். பானைக்குள் ஒன்றுமே இல்லை. அம்மா சோறு பொங்குவதற்குக் கேட்டிருந்த புதுப்பானை அது. மூடியில் ஒரு சின்ன ஓட்டை, அதில் காற்றுப் புகுந்து ஊதியிருக்கிறது. ஏன் திறக்கக் கூடாது என்றீர்கள் என்று மறுநாள் குயவரைக் கேட்கிறாள். "திறந்தால் மூடியைக் கீழே போட்டு உடைத்துவிடுவாயே" என்கிறார் குயவர். எல்லோரும் சாப்பிடப் போகிறார்கள்.

"காலிப் பானை" என்றேன். என் கை எப்போது விரிந்தது என்று தெரியவில்லை.

இவ்வளவுதானா! ஆலமரத்தடியில் காற்று இல்லை, முனகல் நின்றது. வெட்டவெளியில் காற்று, முனகியது. முன் பாதியிலேயே சொல்லியிருக்கிறான். ஒரு சின்னப் பிள்ளை கண்டுபிடித்திருக்கும். வீட்டில் கவிழ்ந்து கிடக்கிற பானைகளைப் பார்த்துக்கொண்டே நான் கண்டுபிடிக்கவில்லை. "இத நான் அன்னிக்கே அவகிட்ட சொல்லியிருக்கலாம்" என்று கம்பியில் தலையை முட்டிக்கொண்டேன். தாழ்வாரத்தில் நின்ற மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அய்வாத அண்ணாத்தே. அதுக்குத் தெரியும்" என்றாள் தீப்பெட்டிக்காரி.

"இன்னா தெரியும்?"

"வியாயக்கெழம சாய்ங்காலம் கடல் காத்து அடிச்சிச்சி. அதோ, அந்தத் தண்ணிப் பான காலியாக் கெடந்துச்சி, 'ஊ'ன்னு ஊதிச்சி. அதுக்கு எப்பிடிக் காது கேட்டுச்சோ. 'அடியே, காலிப் பானடி'ன்னுச்சி. அவ்ளோ இருமல்லயும் சிரிச்சிச்சி. நாங்க அல்லாரும் சிரிச்சோம். அப்பால எங்க கிட்ட சத்தியம் வாங்கிகிச்சி."

"இன்னா சத்தியம்?"

அவள் இருமி முடிக்கும்வரை நான் காத்திருந்தேன்.

"'ஞாயித்துக்கெழம அந்த ஆளு புக்க எடுத்துகினு ஓடியாரும். யாரும் வாயத் தொறக்காதீங்க. முடிவு தெரியாம படிக்க சொல்ல அதோட மூஞ்சி சின்னப் புள்ள மாரி ஆயிடுது. அத்தப் பாக்கத்தான் நான் இந்தப் பக்கமா படுத்துகினு கீறேன்'னுச்சி."

அந்தப் பதினெட்டு வயதுப் பெண் மூன்றாவது கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தாள். "வேற கத இல்லியா?" என்றாள். அதே இதழில் இன்னொரு கதை இருந்தது. ஒரு தவளை, ஒரு குடை. அதையும் படித்தேன். இதழை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துவிட்டு வந்தேன். தீப்பெட்டிக்காரி இருந்தவரைக்கும் புதன், ஞாயிறு போய்க்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு மீசை நரைத்துவிட்டது. இன்றும் சனிக்கிழமையானால் சிறுவர் பத்திரிகை வாங்குகிறேன், யாருக்கு என்று யாராவது கேட்டால் எனக்குத்தான் என்று சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தை முன்னால் புரட்டுவதில்லை. கதை முடிகிற இடம் வரும்போது மட்டும் ஒரு கையால் என் முகத்தைத் தடவிப் பார்க்கிறேன். எப்படி ஆகிறது என்று எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்லவும் எதிரே ஆள் இல்லை.